அழைப்பு மணியும் ஆட்டுத்தோலும்

பட்டம் பெற்ற, கல்யாணமான, கண்ணாடி போட்ட ஒரு மனிதன் சிறுநீரை அடக்கிக்கொண்டு ஒரு சுவரைப் பார்த்தபடி மாதக்கணக்கில் உட்கார்ந்திருந்தான் என்றால் அவனுக்கு ஏதோ வியாதி என்று நினைப்பீர்கள். வியாதிதான். ஆனால் டாக்டரிடம் சொல்லிக்கொள்ளக்கூடியது இல்லை. அந்தச் சுவரில் ஒரு மின்சார மணி மாட்டியிருந்தது. நான் கொல்லைப்பக்கம் போன நேரமாகப் பார்த்து அது மூன்று தரம் அடித்துவிட்டால் என்ன செய்வது என்ற பயத்தில் எழுந்திருக்காமல் இருந்தேன். அது அடிக்கவும் இல்லை.

அறுபதுகளின் கடைசி. பல்லாவரத்தில் ஜி.எஸ்.டி. ரோட்டிலிருந்து கொஞ்சம் உள்ளே தள்ளி இருந்த தோல் பதனிடும் தொழிற்சாலை ஒன்றில் எனக்கு வேலை. பின்னால் தொட்டிகளும் ஷெட்டுகளும், முன்னால் ஆபீஸ். பதனிட்ட ஆட்டுத்தோல் சீமைக்குப் போகும். அதற்கு முன்னால் அதைப் பற்றிய கடிதங்கள் போகும். அந்தக் கடிதங்களைச் சுருக்கெழுத்தில் எழுதி டைப் அடித்துக் கொடுக்கிற இருவரில் நான் ஒருவன். உத்தியோகத்தின் ஒரே குறை வாசனை. சாயங்காலம் ரயிலில் போய் உட்கார்ந்தால் பக்கத்து ஆசாமி முதலில் தன் செருப்பைத் தூக்கிப் பார்ப்பார். பிறகு என் செருப்பைப் பார்ப்பார். பிறகு எழுந்து கதவோரமாகப் போய்க் காற்று வாங்குவார். எவ்வளவு கூட்டத்திலும் எனக்குத் தாராளமாக உட்கார இடம் கிடைத்ததை இந்த உத்தியோகத்தின் சலுகைகளில் ஒன்றாகச் சேர்த்துக்கொண்டேன்.

இன்னொரு டைப்பிஸ்ட் இரும்புலியூரிலிருந்து வருகிறவர். என் வயதுதான். ஞாயிற்றுக்கிழமைகளில் சர்ச்சில் பாடுகிறவர். மற்ற நாட்களில் டைப் அடிக்கும்போது அதையே வாய்க்குள் பாடிப் பார்ப்பவர். ஆபீஸில் எங்களை ஊர்ப் பெயரால்தான் கூப்பிடுவார்கள். அவர் இரும்புலியூர். நான் சிட்லபாக்கம். ஒரே நிலை, ஒரே சம்பளம், ஒரே கம்பெனி டைப்ரைட்டர். என்னுடையதில் ஓர் எழுத்து சற்றுத் தூக்கி விழும். அவருடையதில் வரி முடிகிறபோது மணி அடிக்காது. அதுவும் சமம் என்றே வைத்துக்கொள்ளலாம்.

மேனேஜர் அறையில் மேஜை மேல் ஒரு பொத்தான். அதை அமுக்கினால் ஹாலில் எங்கள் தலைக்கு மேல் சுவரில் 'ட்ர்ர்' என்று அலறும். ஒரு தரம் அடித்தால் அட்டெண்டர் போக வேண்டும். இரண்டு தரம் அடித்தால் இரும்புலியூர். மூன்று தரம் என்றால் நான். அவர் எனக்குச் சில வாரங்கள் முன்னால் சேர்ந்தவர் என்பதால் அவருக்கு இரண்டு, எனக்கு மூன்று. அக்கவுண்டன்டுக்கு மணி கிடையாது. அவர் முதலாளிக்கு வேண்டியவர். அவரிடம் மேனேஜரே எழுந்து வருவார்.

ஆரம்பத்தில் நான் சந்தோஷமாகத்தான் இருந்தேன். இதைச் சொல்லியாக வேண்டும். காலையில் வந்ததும் நானாகவே உள்ளே போய் டிக்டேஷன், மத்தியானத்துக்குள் டைப், பிறகு அடித்த கடிதங்களைக் கையெழுத்துக்கு வைத்துவிட்டால் மேஜை இழுப்பறையைப் பாதி திறந்துவைத்து அதற்குள் ஒரு ரஷ்ய நாவலைப் படிக்கலாம். நாவல்களில் எல்லோரும் பனியில் துன்பப்படுவார்கள். எனக்கு மேலே விசிறி சுற்றும். இதைவிட நிறைவான வேலை உலகத்தில் உண்டா என்று மனைவியிடம் ஒருநாள் கேட்டேன். அவள் தாம்பரத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் டீச்சர். எழுபது நோட்டுகளைத் திருத்திக்கொண்டிருந்தாள். அடுத்த நோட்டை எடுத்தாள்.

கெடுத்தது அக்கவுண்டன்ட். ஒருநாள் மத்தியானம் வெற்றிலையை மடித்தபடி, யாரிடமும் இல்லாமல் விசிறியிடம் பேசுவதுபோல் சொன்னார்.

"ரெண்டு, ரெண்டு, ரெண்டு. காலையிலேர்ந்து ரெண்டாத்தான் அடிக்குது. மூணுங்கற சத்தமே மறந்துபோச்சு. என்ன சிட்லபாக்கம், சௌக்கியமா?"

"சௌக்கியம்தான் சார்."

"இருக்கட்டும், இருக்கட்டும். கூப்பிடாத வரைக்கும் சௌக்கியம்தான்."

அவ்வளவுதான் சொன்னார். வெற்றிலையை வாயில் போட்டுக்கொண்டு பேரேட்டுக்குத் திரும்பிவிட்டார். அன்றிலிருந்து நாவலில் ஒரு பக்கம் நகரவில்லை. கண் இழுப்பறையில் இருக்கும். காது சுவரில் இருக்கும். ட்ர்ர், ட்ர்ர். மூன்றாவதாக ஒன்று வருமா என்று மூச்சைப் பிடித்துக்கொண்டு காத்திருப்பேன். வராது. இரும்புலியூர்க்காரர் நோட்டையும் பென்சிலையும் எடுத்துக்கொண்டு எழுந்து போவார். என்னைத் தாண்டிப் போகும்போது லேசாகச் சிரிப்பார். முன்பெல்லாம் அது வெறும் சிரிப்பாகத்தான் இருந்தது. இப்போது அதில் எனக்கு ஒரு தலைப்பும் பல கிளைத் தலைப்புகளும் தெரிய ஆரம்பித்தன.

அவர் என்னைவிட வேகமா? இல்லை. ஆங்கிலம்? என்னுடையதுதான் மேல்; அவரே கேட்டுத் தெரிந்துகொள்வார். சட்டை? அவருடையது தினம் இஸ்திரி போட்டது. நானும் இஸ்திரி போட்டுப் பார்த்தேன். மணிக்கு அது தெரியவில்லை. சம்பளம் அதேதான், மேஜை அதேதான், விசிறி அதே காற்றைத்தான் எங்கள் இருவருக்கும் வீசியது. ஆனால் போன மாதம் வரை போதுமாயிருந்த காற்று எனக்கு இப்போது போதவில்லை.

இந்த நிலையில்தான் வாணியம்பாடி வந்தது.

பக்ரீத் முடிந்தால் தோல் வந்து குவியும். அந்த வருஷம் முதலாளி அதற்கு முன்பே வாணியம்பாடியில் ஒரு கிளை ஆபீஸ் திறப்பதென்று முடிவு செய்துவிட்டார். அங்கே ஒரு டைப்பிஸ்ட் வேண்டும். புதிதாக ஆள் எடுப்பதில்லை. இங்கே இருக்கும் இருவரில் ஒருவர் போக வேண்டும். மேனேஜர் இதை எங்கள் இருவரையும் சேர்த்து நிற்கவைத்துச் சொன்னார். இரண்டையும் மூன்றையும் கூட்டி ஐந்து தரம் அடித்துக் கூப்பிட்டார் என்று நினைத்துவிட வேண்டாம். அட்டெண்டரை அனுப்பிக் கூப்பிட்டார்.

"யாருன்னு இன்னும் முடிவு பண்ணலை. முதலாளி வந்து பாத்துட்டுச் சொல்லுவார். ரெண்டு பேரும் மனசைத் தயார் பண்ணிக்குங்க."

என் மனசு தயாராகிற ஜாதி இல்லை. என் மனைவிக்கு அந்த வருஷம்தான் வேலை நிரந்தரம் ஆகியிருந்தது. பல வருஷங்கள் லீவு வேகன்சியில் ஓடி ஓடிக் கிடைத்த நிரந்தரம். அதை விட்டுவிட்டு வா என்று சொல்ல எனக்கு வாய் இல்லை. சொன்னாலும் அவளுக்குக் காது இருந்திருக்காது. நான் வாணியம்பாடியில் ஒரு மெஸ்ஸில் சாப்பிட்டுக்கொண்டு, சனிக்கிழமை சாயங்காலம் ரயிலேறி, ஞாயிற்றுக்கிழமை திரும்பிப் போகிற விருந்தாளிப் புருஷனாக வேண்டும். ஆறு மாசமா, ஆறு வருஷமா, யாரும் சொல்லவில்லை.

அன்று சாயங்காலம் மனைவி கேட்டாள்.

"உங்களை அனுப்ப மாட்டாங்கல்ல?"

"ஏன் அனுப்பறாங்க?"

"இல்லங்க, அந்த இரும்புலியூர்க்காரரைத்தான் அடிக்கடி கூப்பிடறாங்கன்னு சொன்னீங்களே. யார் வேணுமோ அவங்களைத்தானே வச்சுக்குவாங்க."

நான் மனதுக்குள் எவ்வளவோ நயமாகச் சுற்றிச் சுற்றி நினைத்துக்கொண்டிருந்ததை அவள் சாம்பாருக்குப் புளி கரைத்தபடி ஒரே வரியில் சொல்லிவிட்டாள். யார் வேண்டுமோ அவரை வைத்துக்கொள்வார்கள். யாருக்கு மணி அடிக்கிறதோ அவர் வேண்டும். எனக்கு அடிக்கவில்லை.

அன்றிலிருந்துதான் கொல்லைப்பக்கம் போவதை நிறுத்தினேன். சாப்பாட்டு டப்பாவை மேஜையிலேயே திறந்து, மென்று, பாதியில் மூடினேன். எந்த நேரமும் பென்சிலைச் சீவித் தயாராக வைத்திருந்தேன். ஒருநாள் மூன்று தரம் அடித்தது. நான் நாற்காலியை இடித்துக்கொண்டு ஓடினேன். மேனேஜர் நிமிர்ந்து பார்த்து, "நீங்க எதுக்கு? அட்டெண்டரைத்தான் கூப்பிட்டேன். ஸ்விட்ச் ஒட்டிக்குது," என்றார். திரும்பி வந்து உட்கார்ந்தபோது அக்கவுண்டன்ட் விசிறியைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தார்.

தானாக அடிக்காத மணியை அடிக்கவைத்தால் என்ன? இந்த யோசனை எப்படி வந்ததென்று தெரியவில்லை. நான் டைப் செய்த கடிதத்தில் பிழை இருந்தால் என்னைத்தான் கூப்பிட வேண்டும். இரும்புலியூர்க்காரரைக் கூப்பிட்டு என் பிழையைத் திருத்தச் சொல்ல முடியாது. என் கடிதங்களில் பிழையே இருப்பதில்லை. அதுதான் இத்தனை நாளும் என்னைக் கெடுத்துக்கொண்டிருந்தது என்று தோன்றியது.

முதல் நாள் தேதியை விட்டேன். உள்ளே எடுத்துப் போய் வைத்துவிட்டு வந்து உட்கார்ந்தேன். ட்ர்ர். ட்ர்ர். ட்ர்ர். ஒரு தேர்ந்த பாடகர் மேல் ஸ்தாயியைத் தொடும்போது சபையில் உண்டாகிற சிலிர்ப்பு எனக்கு முதுகில் உண்டாயிற்று. எழுந்து, அவசரப்படாமல், சட்டையைச் சரிசெய்துகொண்டு நடந்தேன். இரும்புலியூர்க்காரரைத் தாண்டும்போது லேசாகச் சிரிக்கவும் சிரித்தேன்.

"தேதி எங்கே?" என்றார் மேனேஜர்.

"மன்னிக்கணும் சார்."

"பரவாயில்லை, போட்டுக் கொண்டாங்க."

மறுநாள் இணைப்பை வைக்கவில்லை. அதற்கு மறுநாள் விலாசத்தில் தெருவை விட்டேன். மூன்று தரம் அடிப்பது ஆபீஸில் பழகிப்போன சத்தமாகிவிட்டது. அட்டெண்டரே ஒருநாள் ஸ்டூலிலிருந்து குரல் கொடுத்தார்.

"இன்னா சார், இப்பல்லாம் உன்னியே கூப்டுகினு கீறாரு? பெரிய ஆளா பூட்டே போ."

அக்கவுண்டன்ட் பேரேட்டிலிருந்து தலை தூக்கவில்லை. அதுவே எனக்குப் போதுமானதாக இருந்தது. வீட்டில் மனைவியிடம், "இன்னிக்கும் கூப்பிட்டார்," என்பேன். எதற்கு என்று அவள் கேட்கவில்லை. நானும் அந்த விவரத்துக்குள் போகவில்லை.

பக்ரீத் நெருங்க நெருங்க எனக்குத் தைரியமும் பயமும் சேர்ந்தே வளர்ந்தன. தேதியும் தெருவும் சின்னப் பிழைகள். மேனேஜர் இப்போது கூப்பிடாமலேயே பேனாவால் தானே எழுதிவிட ஆரம்பித்தார். பேனாவால் சரிசெய்ய முடியாததாக ஒன்று வேண்டியிருந்தது. அந்த வாரம் லண்டன் கம்பெனி ஒன்றுக்கு ஒரு முக்கியமான கடிதம். இன்ன விலைக்கு இவ்வளவு வெள்ளாட்டுத்தோல் தர ஒப்புக்கொள்கிறோம் என்கிற கடிதம். அதில் வெள்ளாடு வரவேண்டிய இடத்தில் எல்லாம் செம்மறியாடு என்று அடித்தேன்.

தோல் வியாபாரத்தில் இது சின்ன விஷயம் இல்லை. இரண்டும் வேறு தோல், வேறு விலை. கையெழுத்தாகிப் போய்விட்டால் சொன்னது சொன்னதுதான். கம்பெனி கொடுத்தாக வேண்டும். அதனாலேயே அதைத் தேர்ந்தெடுத்தேன். வெள்ளாட்டையும் செம்மறியாட்டையும் பார்க்காமல் மேனேஜர் கையெழுத்துப் போட மாட்டார். நிச்சயம் கூப்பிடுவார், கொஞ்ச நேரம் உட்காரவைத்துப் பேசுவார். கடிதத்தைக் கட்டோடு வைத்துவிட்டு வந்தேன்.

நான் வெளியே வந்த சிறிது நேரத்தில் முதலாளியின் கார் வந்து நின்றது.

வெள்ளைச் சட்டை, வெள்ளைத் தொப்பி, மெதுவான நடை. எல்லோரும் எழுந்தோம். அவர் ஸலாம் சொல்லியபடி மேனேஜர் அறைக்குள் போனார். வாணியம்பாடிக்கு யார் என்று சொல்லத்தான் வந்திருக்கிறார் என்று எல்லோருக்கும் தெரிந்தது. டைப்ரைட்டர்கள் நின்றுவிட்டன. இரும்புலியூர்க்காரர் பாட்டையும் நிறுத்திவிட்டார்.

ஒரு தரம் அடித்தது. அட்டெண்டர் உள்ளே போனார். வெளியே வரும்போது கையில் தபால் பை. பை நிரம்பியிருந்தது. சைக்கிளை எடுத்துக்கொண்டு கேட்டைத் தாண்டிப் போனார்.

எனக்கு முதலில் விளங்கவில்லை. பிறகு விளங்கியது. முதலாளி வரும் அவசரத்தில் மேனேஜர் கட்டு முழுவதையும் படிக்காமல் கையெழுத்துப் போட்டு அனுப்பிவிட்டார். போஸ்ட் ஆபீஸில் வெளிநாட்டுத் தபால் பையை மத்தியானத்தோடு கட்டிவிடுவார்கள். கட்டிவிட்டால் அந்தச் செம்மறியாடுகள் கப்பலேறிவிடும். கம்பெனிக்கு நஷ்டம். டைப் அடித்தவன் பெயர் கடிதத்தின் அடியில் சின்ன எழுத்தில் இருக்கும். வாணியம்பாடி என்ன, வேலையே போய்விடும். தெரியாமல் வந்த பிழை என்று சொல்லலாமா? அதே கடிதத்தில் நான்கு இடத்தில் தெரியாமல் வருமா?

எழுந்தேன். கால் கேட்டுப் பக்கம் திரும்பியது. அந்த நொடியில் தலைக்கு மேல் ட்ர்ர், ட்ர்ர், ட்ர்ர்.

இத்தனை மாதம் எதற்குக் காத்திருந்தேனோ அது. என்னால் நகர முடியவில்லை. இரும்புலியூர்க்காரர் என் முகத்தைப் பார்த்தார்.

"என்ன சார் ஆச்சு?"

"லண்டன் லெட்டர். ஆடு மாறிப்போச்சு."

"எந்த ஆடு?"

"வெள்ளாட்டுக்குச் செம்மறி. தபால்ல போயிடுச்சு."

திரும்ப ட்ர்ர், ட்ர்ர், ட்ர்ர்.

"நீங்க உள்ள போங்க. நான் பாத்துக்கறேன்," என்று சொல்லிவிட்டு அவர் படியிறங்கினார். வெயிலில் குடைகூட எடுக்காமல் போஸ்ட் ஆபீஸ் பக்கம் ஓடுவது ஜன்னல் வழியாகத் தெரிந்தது. ஓடிப் பழக்கமில்லாத ஓட்டம்.

உள்ளே முதலாளி என்னை உட்காரச் சொன்னார். நான் உட்கார்ந்தேனா நின்றேனா என்று இப்போதும் ஞாபகமில்லை.

"வீடு எங்க தம்பி?"

"சிட்லபாக்கம்."

"ஏரிப் பக்கமா? நல்ல எடம். வூட்ல?"

"டீச்சருங்க. தாம்பரத்துல."

"பிள்ளைங்க?"

"இன்னும் இல்லைங்க."

அவர் தலையாட்டினார். என் காது வாசலில் இருந்தது. முதலில் திரும்பி வருவது அட்டெண்டரின் சைக்கிளா, இரும்புலியூர்க்காரரா? மேனேஜர் பொத்தானில் கையை வைத்தார். ட்ர்ர், ட்ர்ர். யாரும் வரவில்லை. மறுபடியும் ட்ர்ர், ட்ர்ர். ஹாலில் சத்தமே இல்லை.

"எங்க போனார் அவர்?" என்று மேனேஜர் என்னைக் கேட்டார்.

எனக்காகப் போயிருக்கிறார் என்று சொன்னால் ஆட்டைப் பற்றிச் சொல்ல வேண்டும். வேலை நேரத்தில் சொல்லாமல் வெளியே போய்விட்டார் என்றால் வாணியம்பாடி அவருக்குத்தான். இவ்வளவும் எனக்கு ஒரே சமயத்தில் தோன்றியது. அப்படித் தோன்றிய வேகத்தில் சுருக்கெழுத்து எழுதியிருந்தால் எனக்கு எங்கேயோ பரிசு கிடைத்திருக்கும்.

"தெரியலை சார்," என்றேன்.

முதலாளி கடிகாரத்தைப் பார்த்தார். மேனேஜர் முகத்தைச் சுளித்தார். சுவரில் மாட்டியிருந்த காலண்டரில் ஒரு கப்பல் படம் இருந்தது. அது எந்தத் துறைமுகத்துக்குப் போகிறது என்று நான் ஆராய்ந்துகொண்டிருந்தேன்.

கதவு திறந்தது. இரும்புலியூர்க்காரர் நின்றார். இஸ்திரி போட்ட சட்டை உடம்போடு ஒட்டியிருந்தது. பாக்கெட்டில் ஒரு நீளமான உறை துருத்திக்கொண்டிருந்தது.

"எங்க சார் போயிட்டீங்க?" என்றார் மேனேஜர்.

"போஸ்ட் ஆபீஸுக்கு சார். லண்டன் லெட்டர்ல ஒரு மிஸ்டேக் இருந்துச்சு. கவுண்டர்ல எடை போடறதுக்குள்ள பிடிச்சுட்டேன். திருப்பி அடிச்சுக் குடுத்துடறோம்."

"யார் அடிச்சது?"

அவர் என்னைப் பார்க்கவில்லை. "நாங்கதான் சார்," என்றார்.

மேனேஜர் கையை நீட்டி உறையை வாங்கிப் பிரித்தார். படித்தார். அடியில் இருந்த சின்ன எழுத்தையும் படித்தார். பிறகு என்னைப் பார்த்தார். வெகு நேரம் பார்த்தார். அந்தப் பார்வையில் தேதியும், தெருவும், இணைப்பும், செம்மறியாடும் வரிசையாக நின்றன.

"சரி. ரெண்டு பேரும் போங்க," என்றார்.

அன்று சாயங்காலம் ரயிலில் நாங்கள் இருவரும் எதிரெதிரே உட்கார்ந்தோம். பக்கத்தில் வழக்கம்போல் யாரும் உட்காரவில்லை. குரோம்பேட்டை தாண்டியது. நானாகச் சொல்லிவிட்டேன். அக்கவுண்டன்ட், மூன்று தரம், தேதி, தெரு, எல்லாவற்றையும். 'தெரியலை சார்' என்று சொன்னதை மட்டும் சொல்லவில்லை. அவர் வாயைத் திறந்தபடி கேட்டுக்கொண்டிருந்தார்.

"சார், என்ன சார் இது," என்றார். "எனக்கு ரெண்டு தரம் அடிச்சாலே வாயில இருக்கற பாட்டு நின்னுடும் சார். இவருக்கு என் மேல நம்பிக்கையே இல்லை, நாய்க்குட்டி மாதிரி நிமிஷத்துக்கு நிமிஷம் கூப்பிட்டுப் பாக்கறாருன்னு வீட்ல சொல்லிச் சொல்லி அழுதிருக்கேன். சிட்லபாக்கத்தைப் பாரு, காலையில ஒருவாட்டி சொன்னாப் போதும், அப்புறம் தொந்தரவே பண்றதில்லை, அவர்மேல மேனேஜருக்கு அவ்வளவு மதிப்புன்னு. நான் உங்களைத் தாண்டிப் போறப்ப சிரிப்பேனே, கவனிச்சிருக்கீங்களா?"

"கவனிச்சிருக்கேன்."

"வெக்கத்துல சிரிக்கறது சார் அது."

ரயில் மெதுவானது.

"வாணியம்பாடிக்குப் போகச் சொன்னா என்ன பண்ணுவீங்க?" என்று கேட்டேன்.

"போவேன். அங்க மேனேஜர் கிடையாது. மணியும் இருக்காது." பிறகு வெளியே பார்த்துவிட்டு, "சானடோரியம் வந்துடுச்சு சார், இறங்குங்க. பைய விட்டுடாதீங்க," என்றார்.

இரண்டு நாள் கழித்து மேனேஜர் என்னைக் கூப்பிட்டார். முதலாளி இரும்புலியூரை அனுப்பச் சொல்லிவிட்டார் என்றார். எனக்குள் ஒரு பெரிய பாரம் இறங்கியது. அது தரையைத் தொடுவதற்குள் அவர் மேலே சொன்னார்.

"முதல்ல உங்களைத்தான் மனசுல வச்சிருந்தேன். அங்கே தனியா ஆபீஸைப் பாத்துக்கணும். யாரும் கேக்கறதுக்கு இருக்க மாட்டாங்க. அதுக்கு உங்க மாதிரி ஆள்தான் சரின்னு முதலாளிகிட்ட சொல்லியும் வச்சிருந்தேன். ஆனா கொஞ்ச நாளா உங்க வேலை எப்படியோ இருக்கு. பக்கத்துல வச்சுப் பாத்துக்கணும்னு தோணுது. தப்பா நினைக்காதீங்க."

நான் தப்பாக நினைக்கவில்லை. நினைக்க எனக்கு என்ன இருக்கிறது? வேண்டியது கிடைத்துவிட்டது. வீட்டுக்குப் போய்ச் சொன்னேன். மனைவி கையில் இருந்த கரண்டியைக் கீழே வைத்துவிட்டுப் பெருமூச்சு விட்டாள். அன்று பாயசம் வைத்தாள். நான் இரண்டு டம்ளர் குடித்தேன். இரண்டாவது டம்ளர் பாதியில் நின்றது.

"என்னங்க?"

"அவருக்கு அங்க 'இன்சார்ஜ்'னு போர்டு வைக்கறாங்களாம்."

"வைக்கட்டுமே."

"டெலிபோன் கூட உண்டாம்."

அவள் என் டம்ளரை எடுத்து மிச்சத்தைத் தானே குடித்துவிட்டாள்.

இரும்புலியூர்க்காரர் பெட்டியும் குடும்பமுமாக வாணியம்பாடிக்குப் போனார். அங்கே சர்ச்சிலும் பாட ஆரம்பித்துவிட்டார் என்று கேள்வி. அவரிடமிருந்து ஆபீஸுக்கு வாரம் ஒரு கடிதம் வரும். கம்பெனிக்காக அவரே கையெழுத்துப் போட்டிருப்பார். அவற்றை வாங்கிக் கோப்பில் வைப்பது என் வேலை. ஒவ்வொன்றையும் வெளிச்சத்தில் பிடித்து எங்காவது தேதி விட்டுப்போயிருக்கிறதா என்று பார்ப்பேன். இருக்காது. பல்லாவரத்திலேயே இருக்க வேண்டும் என்று தவித்தவன், இருந்துகொண்டே வாணியம்பாடியில் ஒரு மேஜையை நினைத்துத் தவிக்க ஆரம்பித்தேன். மேஜையை நான் பார்த்ததுகூட இல்லை. அது தேக்கு என்று எனக்கு நானே முடிவு செய்துகொண்டேன்.

அவர் போன முதல் வாரத்திலேயே ஒருநாள் இரண்டு தரம் அடித்தது. பழக்கத்தில் நான் எழுந்திருக்கவில்லை. காலியாக இருந்த நாற்காலியை எல்லோரும் பார்த்தோம். மறுபடியும் இரண்டு தரம் அடித்தது. அட்டெண்டர்தான் என் பக்கம் திரும்பினார்.

"உன்னியத்தான் சார். வேற யாரு கீறா? குந்திகினே இருந்தா எப்டி?"

உள்ளே போனேன். மேனேஜர் டிக்டேஷன் கொடுக்கத் தயாராகச் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். நான் நோட்டைத் திறந்ததும், முதல் வரிக்கு முன்னால், அவராகவே சொன்னார்.

"இனிமே உங்களுக்கும் ரெண்டுதான் சார். நல்லதாப் போச்சு. மூணு தரம் அமுக்கறதுக்குச் சோம்பல்பட்டுக்கிட்டுத்தான் இத்தனை நாளா எல்லாத்துக்கும் அவரையே கூப்பிட்டுக்கிட்டிருந்தேன்."